ஈரத்துக்குக் கழித்த எடை

என் வீட்டுக்காரருக்கு வயிறு கெட்டது சித்திரையில். வயிற்று டாக்டரைப் பார்க்க நாள் கிடைத்தது ஆனியில். நடுவில் இருந்த நாளெல்லாம் அவர் அந்த வயிற்றோடு குடித்தனம் நடத்தினார், நான் அவரோடு நடத்தினேன். இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முதலில் வெறும் புளித்த ஏப்பம்தான். பிறகு நாலு வாய் சாப்பிட்டாலே மேல்வயிற்றில் கல்லைக் கட்டின மாதிரி இருக்கிறது என்றார். பிறகு காலையில் ஒருதரம் போனால் போதவில்லை, டிராக்டரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுத் தேயிலைக்குள் ஓடினார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பின்சி ஒரு வெள்ளை மருந்தும், வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரையும் கொடுத்தாள். "பேடிக்கண்டா சேட்டா, கேஸாக்கும்" என்று, பயப்பட வேண்டாம் வெறும் வாயுதான் என்கிறதை மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நாள் கேட்டது. பிறகு பழையபடி வந்துவிட்டது. எஸ்டேட் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எதுக்கும் தேனியில் போய் வயிற்றுக்கென்று இருக்கிற டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள், கேமரா விட்டுப் பார்ப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்த 'எதுக்கும்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

"எதுக்கும்னா என்னா அர்த்தம் கற்பகம்?"

"எதுக்கும்னா எதுக்கும்தாங்க."

"டாக்டரு சும்மா சொல்லுவாரா? படிச்ச மனுசன் வாயில சும்மா ஒரு வார்த்த வருமா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சரிவில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்த கால் கடுகடு என்று வலித்தது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல என்னிடம் சக்தி இல்லை.

அவர் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய அண்ணன் மொக்கையன் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மலை மாதிரி ஆள், தேயிலைப் பெட்டியைத் தனியாகத் தூக்குவார். அவருக்கும் ஏப்பத்தில்தான் ஆரம்பித்தது. கேஸு, கேஸு என்று சோடா குடித்தே ஒரு வருஷத்தை ஓட்டினார். கடைசியில் கோட்டயத்துக்குக் கொண்டுபோனபோது வயிற்றுக்குள் எல்லாம் முற்றிப்போயிருந்தது. அதற்கு முன்னாலேயே உடம்பு வடிய ஆரம்பித்துவிட்டது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. கடைசி மாதம் அவரைத் தூக்கிக் குளிக்க வைத்தது என் வீட்டுக்காரர்தான். "பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி இருக்குடி" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று அழுதார். அந்த அழுகையை நான் மறக்கவில்லை. ஆனாலும் மனுஷிக்கு ஒரு அளவு இருக்கிறது இல்லையா?

தேனியில் அந்த டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் உட்காருவார். கூட்டம். எங்களுக்கு ஆனியில் ஒரு வியாழக்கிழமை என்று போனில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்த வியாழக்கிழமை தவிர வேறு நினைப்பு இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பார். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, "வெளுத்துருக்கா பாரு" என்பார். போன் வீடியோவில் வயிற்றைப் பற்றிப் பேசுகிற டாக்டர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் கேட்பார். எங்கள் மகள் யோகப்பிரியா எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். "அப்பாட்ட இருந்து போனப் புடுங்கி வைம்மா, அது எல்லா வியாதியயும் காட்டும்" என்று அங்கிருந்து சொன்னாள். அங்கிருந்து சொல்வது சுலபம். புடுங்க வேண்டியது நான்.

ஒருநாள் விடியற்காலையில் கக்கூஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார். தண்ணி வரவில்லையாக்கும் என்று வாளியோடு ஓடினேன். தண்ணிக்கு இல்லை, வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போ, கலர் கருப்பா இல்லையா சொல்லு என்றார். எட்டிப் பார்த்தேன். மகளையும் பெற்று, அவளை வேலைக்கும் அனுப்பியாகிவிட்டது, குடித்தனத்தில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"எப்பவும் போலத்தாங்க இருக்கு."

"எப்பவும் எப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு காலை மஸ்டருக்குப் பேர் கொடுக்கப் போய்விட்டேன்.

மிளகாய் கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது என்று அவரே ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் கஞ்சியும் கொஞ்சம் பயறும்தான் மிஞ்சின. ஒருத்திக்காக மட்டும் தனியாகக் குழம்பு வைக்க யாருக்கு மனசு வரும்? அவர் குடித்தது போக மிச்சத்தை நான் நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவேன். பாதி நாள் அதுவும் இறங்காது, ஒரு பாலில்லாத கட்டன் சாயாவோடு சரி. குனிந்து கொழுந்தெடுக்கும்போது நெஞ்சுக்குள் தீயாக ஏறும். அவருடைய வெள்ளை மருந்தில் நானும் ஒரு மூடி ஊற்றிக் குடித்துக்கொள்வேன். வெறும் வயிற்றில் சாயா குடித்தால் யாருக்குத்தான் எரியாது? மருந்து சீக்கிரம் காலியாகிறதே என்று அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தான்தான் அதிகமாகக் குடிக்கிறோம் என்று அதற்கும் பயந்தார்.

எல்லாவற்றையும் விட மோசம் அந்த எடை பார்க்கிற பழக்கம்தான்.

அவர் வேலை கொழுந்து டிராக்டர் ஓட்டுவது. நாங்கள் எடுக்கிற கொழுந்து மலைக்கு நடுவில் இருக்கிற ஒரு தகரக் கொட்டகைக்கு வரும். அங்கே தரையோடு தரையாக ஒரு எடை மெஷின். சாக்கை அதன் மேல் வைத்தால் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் எண் ஓடி நிற்கும். அந்தப் பெட்டியின் முகம் சூப்பர்வைசர் அர்த்தநாரி பக்கம் திரும்பியிருக்கும். அவன் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, எங்கள் பேரில் எழுதிக்கொள்வான். சாக்கெல்லாம் டிராக்டரில் ஏறின பிறகு என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நிற்பார். அர்த்தநாரி சாக்குக்குச் சொல்கிற அதே ராகத்தில் இவருக்கும் எண்ணைச் சொல்லுவான். எழுபத்தொண்ணு என்று வருகிற நாளில் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கஞ்சி போகும். அண்ணனுக்கு முதலில் எடைதான் குறைந்தது, அது குறையாத வரைக்கும் நமக்கு ஒன்றும் இல்லை என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். சரி, அதிலாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. மழையோடு சேர்ந்து எடை போடுகிற இடத்தில் எங்கள் வருஷாந்திரச் சண்டையும் ஆரம்பித்துவிட்டது. வெயில் காலத்தில் சாக்கின் எடைக்கென்று ஒரு கிலோ கழிப்பார்கள், அதில் யாருக்கும் வழக்கில்லை. மழை வந்துவிட்டால் கொழுந்தில் தண்ணி இருக்கிறது என்று இரண்டு, மூன்று என்று கழிப்பார்கள். தண்ணியில் நனைந்துகொண்டு நிற்பது நாங்கள், தண்ணிக்குக் கழிப்பதும் எங்களிடம். அந்தச் சண்டையில் எப்போதும் என் குரல்தான் மேலே இருக்கும். பக்கத்து லயத்து நர்மதா, "அக்கா ஒருத்தி கத்துனாப் போதும், மைக்செட்டே வேணாம்" என்பாள். இந்த வருஷம் எனக்குக் கத்தினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

மழை பிடித்த வாரத்தில் அவர் வீட்டுக்கு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு கிலோ போச்சு."

"கஞ்சியக் குடிச்சா உடம்பு என்னா ஊதவா செய்யும்?"

"ஒரு வாரத்துல ரெண்டு கிலோ, கற்பகம்."

"ஒண்ணுமில்லங்க. கேஸு. அது சரியாச்சுன்னா எல்லாம் சரியாப் போயிரும்."

ஒண்ணுமில்ல, கேஸு. அந்த இரண்டு மாதத்தில் அதை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உப்புப் போடுகிற மாதிரி எல்லாவற்றிலும் போட்டேன். அவர் முகத்தில் அது ஒருதரமும் இறங்கவில்லை.

ஆனி வியாழக்கிழமையும் வந்தது. முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து கேப் ரோட்டில் மண் சரிந்தது. தேனிக்குப் போகிற பஸ் எல்லாம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால், போனை எடுத்த பெண், பாவம் அவள் என்ன செய்வாள், அடுத்து ஆடியில்தான் நாள் இருக்கிறது என்றாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக, இன்னொரு மாதம் இதையே கேட்க வேண்டுமே என்று அலுப்பு வந்தது. உள்ளதைச் சொன்னால் இரண்டும் இருந்தது.

மழை வலுத்தது. அவர் எடையும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆடி பிறந்தபோது அவர் பேசுவதையே குறைத்துவிட்டார். அது எனக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணியில் அவருடைய ஜெர்கின் இல்லை. மூணாறு சந்தையில் வாங்கின நல்ல ஜெர்கின், உள்ளே ரோமம் வைத்தது. எங்கே என்று கேட்டேன். ஃபேக்டரியில் ஈஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டாராம். அவனுக்கு நைட் ஷிப்டில் குளிருகிறதாம்.

"உங்களுக்குக் குளிராதா?"

"எனக்கு இனிமே எதுக்கு?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கையில் இருந்த அகப்பையைத் தரையில் அடித்தேன்.

"சாகப் போற மனுசன் ஜெர்கினுக்கு ஆள் பாத்து அளவு பாத்துக் குடுப்பாரா? என்னயப் பாத்தா மனுசியாத் தெரியலயா? போய் வாங்கிட்டு வாங்க அத!"

"கத்தாத. நான் தேனிக்குப் போகல. அதயும் சொல்லிர்றேன்."

"என்னது?"

"நாலு கிலோ போச்சு. அண்ணனுக்கு எப்படிப் போச்சோ அப்படியே போகுது. இனி கேமராவ விட்டுப் பாத்து அந்த டாக்டரு என்னா புதுசாச் சொல்லப் போறாரு? கேட்டுட்டு வந்து இங்க படுக்கறதுக்குக் கேக்காமலே படுத்துக்கறேன்."

இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்தவர் இப்போது பயப்படுவதையும் நிறுத்திவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன். மகளைப் போனில் அழ வைத்துப் பார்த்தேன். பின்சியைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னேன். எல்லோருக்கும் தலையை ஆட்டினார், போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வாரம் நான் கொழுந்தெடுக்கும்போது என் கை தானாக வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. கயிறு நைந்துவிட்டது போல என்று இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் போக வேண்டிய வியாழனுக்கு முந்தின திங்கட்கிழமை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சாயங்காலம் எடை போடுகிற கொட்டகையில் எல்லோரும் நனைந்த கோழி மாதிரி நின்றோம். அர்த்தநாரி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னைக்கு அஞ்சு கழிவு. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. யாரும் என்னயத் திட்டக் கூடாது."

"அஞ்சா?" என்று நான் முன்னால் போனேன். "சனிக்கிழம வரைக்கும் நாலு சொச்சம், இன்னைக்கு அஞ்சா? சாக்குல நாங்க என்ன ஆத்தையா அள்ளிட்டு வந்துருக்கோம்?"

"அக்கா, நானா கழிக்கிறேன்? காலையிலயே மெஷின்ல போட்டு வச்சாச்சு. அதுவே கழிச்சுட்டுத்தான் காட்டும். நான் சும்மா வாசிக்கிறவன்."

"வாசிக்கிற ஆளுக்கு வாயில்லயா? ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதான?"

சொல்லிக்கொண்டே அவனுடைய பக்கத்துக்குப் போய்விட்டேன், சண்டை போட வசதியாக. அப்போதுதான் அந்தப் பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். மெஷின் மேல் ஒன்றும் இல்லை. காலி. ஆனால் பெட்டியில் பூஜ்யம் இல்லை, முன்னால் ஒரு கோடு போட்டு அஞ்சு என்று நின்றது. இத்தனை வருஷமாக எடை போட்டிருக்கிறோம், காலி மெஷினில் என்ன காட்டுகிறது என்று ஒருத்தியும் பார்த்ததில்லை. அடுத்த சாக்கு எப்போதும் அடுத்த ஆள் கையில் தயாராக இருக்கும்.

கொட்டகையின் ஓரத்தில், டிராக்டருக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் சாக்கு ஏறட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

"அர்த்தநாரி" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இதுல ஆளு ஏறி நின்னா?"

"நின்னா என்னா?"

"ஆளுக்கும் அஞ்சு கழிக்குமா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவன் வாய் அப்படியே திறந்து நின்றது.

முதலில் சிரித்தது நர்மதாதான். "ஐயய்யோ, ஜெகன் அண்ணன ஈரக் கொழுந்துன்னுல்ல கழிச்சுருக்கு!" என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. அர்த்தநாரி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, சத்தியமா எனக்குத் தோணவே இல்லண்ணே. என்னா காட்டுதோ அத அப்படியே வாசிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கழிவை எடுக்கிற பட்டனை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். "இப்ப ஏறுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுபத்தொண்ணர!" என்று அர்த்தநாரி ஏலம் விடுகிற மாதிரிக் கத்தினான்.

பெண்கள் எல்லாம் கையைத் தட்டினார்கள். அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, சித்திரைக்குப் பிறகு முதல்தரமாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததா, அலுப்பில் வந்ததா, தெரியாது. ஒன்றரை மாதம் மனுஷன் ஒரு மெஷினில் போட்டு வைத்த கழிவைத் தன் சாவு என்று நினைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார், நான் அதே கழிவுக்காகத் தினம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒரே வீட்டில் ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு.

"வியாழக்கிழம போவீங்களா?" என்று கேட்டேன்.

"போவோம், போவோம்" என்றார். "ஒண்ணும் இருக்காது."

அதன் பிறகு அது விளையாட்டாகிவிட்டது. மழை விடுகிற மாதிரியும் இல்லை. ஆளாளுக்கு நான், நான் என்று மெஷினில் ஏறினார்கள். நர்மதா ஏறி எண்ணைக் கேட்டு, "ஐயோ, மூடு மூடு" என்று குதித்து இறங்கினாள். என்னையும் பிடித்துத் தள்ளிவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். பூட்ஸ் காலோடு, நனைந்த ஷீட்டோடு.

அர்த்தநாரி எண்ணைச் சொல்லவில்லை. பட்டனை அமுக்கினான். "இறங்கிட்டு ஏறுங்கக்கா" என்றான். இறங்கி ஏறினேன்.

"நாப்பத்தியெட்டு" என்றான் மெதுவாக.

நர்மதாவின் சிரிப்பு நின்றது. "அக்கா, தை மாசம் கேம்ப்ல எடை பாத்தாங்களே, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போனோம். நீ அம்பத்தேழுன்னு சொல்லி என்னயக் கேலி பண்ணுனியே."

"மெஷினு" என்றேன். "கழிவு."

"இல்லக்கா. பூஜ்யத்துலதான் நிக்கிது."

என் வீட்டுக்காரர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையலை ஒரு விரலால் தள்ளினார். அது முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போயிற்று. அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணனைத் தூக்கின கை அது, அதற்குத் தெரியும்.

"உனக்கு என்னா செய்யுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எவ்வளவோ பதில் இருந்தது. நெஞ்சு எரிவது, சோறு தொண்டையோடு நின்றுவிடுவது, பிளவுஸைப் பிடித்துத் தைத்தது, அவர் மருந்தைத் திருடிக் குடித்தது. எல்லாம் தெரிந்துதான் இருந்தது, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க நேரம்தான் இல்லை.

"அலுப்பா இருக்குங்க" என்றேன்.

வியாழக்கிழமை தேனிக்குப் போனோம். போடிமெட்டு வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். என் பேரில் சீட்டு இல்லை. வெளியே இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, புதுசாகப் பதிந்தால் புரட்டாசியில்தான் நாள் என்றாள். இவர் வந்து உட்கார்ந்தார். தன் பேரைக் கூப்பிட்டதும் என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், ரெண்டு மாசமா இந்த நாளுக்குத்தான் உசுரக் கையில புடிச்சுட்டு இருந்தேன். இப்ப எனக்கு வேணாம் சார். என் சீட்டுல இவளப் பாருங்க."

டாக்டர் சின்ன வயசுக்காரர். அவரைப் பார்த்தார், பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்காருங்கம்மா என்றார். எரிச்சல் எத்தனை நாளாக, எடை எவ்வளவு குறைந்தது, சோறு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா, வெறும் வயிறா என்று கேட்டார்.

"என்னைக்கும் போலத்தான் சார்" என்றேன்.

இரண்டு பேருக்கும் அன்றைக்கே கேமரா விட்டார்கள். அவருக்கு உள்ளே கொஞ்சம் சிவந்திருக்கிறது, மாத்திரையில் சரியாகிவிடும், மிளகாயைக்கூட நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு உள்ளே ஒரு புண் இருந்தது. அதிலிருந்து கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறது, ரிசல்ட் வர நாளாகும், வந்ததும் போன் பண்ணுவோம் என்றார். புண்ணாகவே இருக்கலாம் என்றார். "எதுக்கும் பாத்துருவோம்மா" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவர் மடியில் மாத்திரைக் கவர் இருந்தது. பஸ் போடியைத் தாண்டியது. பிறகு என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"எதுக்கும்னா என்னாங்க அர்த்தம்?"

எனக்கு என்ன பதில் வர வேண்டும் என்று தெரியும். அதை நான் அவருக்கு ரெண்டு மாதம் சொல்லிக் கொடுத்திருந்தேன். எதுக்கும்னா எதுக்கும்தான், ஒண்ணுமில்ல, கேஸு. அவர் சொல்லவில்லை. துண்டை எடுத்து என் தலையைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

"பயமாத்தான் புள்ள இருக்கும்" என்றார். "எனக்கும் பயமா இருக்கு."

நான் அவர் தோளில் சாய்ந்து மேலே போய்ச் சேருகிற வரைக்கும் தூங்கினேன். அப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று.

இப்போது நாங்கள் அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறோம். காத்திருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம். காலையில் எனக்கு முன்னால் எழுந்து கஞ்சியைக் குழைய வைத்து, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார். பாதி குடித்தால் பாதி போதும் என்கிறார். என் போனை அவர் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியில் நான் நாக்கைப் பார்த்ததை ஒருதரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டார். ஜெர்கினை ஈஸ்வரனே கொண்டுவந்து கொடுத்துவிட்டான், அதை நான்தான் போட்டுக்கொண்டு போகிறேன். வீட்டில் இரு என்று அவர் சொன்னார். வீட்டில் இருந்தால் அந்தப் புண்ணோடு தனியாக இருக்க வேண்டும், மலையில் நின்றால் நர்மதாவாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று நான் போகிறேன். குறைவாகத்தான் எடுக்கிறேன்.

நேற்றும் நல்ல மழை. சாயங்காலம் கொட்டகையில் கழிவுச் சண்டை நடந்தது. ஆறு என்றான் அர்த்தநாரி. பெண்கள் கத்தினார்கள். நர்மதா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் வழக்கம்போல முன்னால் போவேன் என்று. எனக்கு நிற்கவே முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் நர்மதாதான் என் சாக்கை இழுத்து மெஷினில் வைத்தாள். சின்னச் சாக்கு.

"கற்பகம்" என்று பேரைச் சொல்லி, அர்த்தநாரி எண்ணை வாசித்தான்.

டிராக்டரிலிருந்து என் வீட்டுக்காரர் குதித்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்திருக்கிறார், எந்த சூப்பர்வைசரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. கழிவுச் சண்டை பொம்பளைகள் சண்டை என்று ஒதுங்கி நிற்கிறவர். வந்து மெஷினுக்கும் அர்த்தநாரிக்கும் நடுவில் நின்றார்.

"பூஜ்யத்துல வை."

"அண்ணே, ஆபீஸ்ல..."

"ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். இவகிட்ட இருந்து இனிமே ஒரு கிலோ கழிக்கக் கூடாது." சாக்கின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டார். "போனது போதும் அர்த்தநாரி. இதுக்கு மேல ஒரு கிலோகூட எங்களுக்குத் தாங்காது."

அர்த்தநாரி தலையைக் குனிந்து பட்டனை அமுக்கினான். பெட்டியில் எண் ஓடி ஏறி நின்றது. கொழுந்து, சாக்கு, மழைத் தண்ணி எல்லாம் சேர்த்து முழு எடையையும் சத்தமாகப் படித்து என் பேரில் எழுதினான். அவர் அந்தச் சாக்கைத் தானே தூக்கி டிராக்டரில் போட்டார். பிறகு வந்து என் கையைப் பிடித்து, ஏறு, வீட்டுக்குப் போவோம் என்றார்.